திக்காலும் தீக்கல்லும்

வுப்பர்டால்
18.01.2004

அன்பின் ராணிக்கு,

நான் சுகம். குளிருக்கு முழங்கால் மட்டும் என்னோடு கோபம். உம்முடைய சுகத்தைச் சுலக்ஷன் வாயால்தான் அறிகிறேன். நேற்று பிள்ளை கேள்ன் நகரத்தில் இருந்து வந்திருந்தான். ஆவ்ஸ்பில்டுங், அதுதான் அவனுடைய தொழிற்பயிற்சி, நன்றாகப் போகிறதாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பை எடுத்துத் தரச் சொல்லுகிற மாதிரி, "அப்பா, அம்மா மார்ச்சில குவாத்தமாலாவுக்குப் போறா, தெரியுமோ?" என்றான். அங்கே எந்த இடத்துக்கு என்று விசாரித்தேன். "திக்கால் எண்டு ஏதோ பழைய ஊராம். காட்டுக்குள்ள மாயாக்கள் கட்டின கோயிலுகளாம்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்தான்.

ஏதோ பழைய ஊராம். ராணி, நம்முடைய ஹோல் சுவரில் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் தொங்குவது அந்த ஊரின் படம்தான். வீட்டுக்கு வந்த எவரையும் நான் அந்தப் படத்தைக் காட்டாமல் அனுப்பியதில்லை. தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் மாளிகை கட்டிக் கொடுத்த நம்முடைய தச்சன் மயன், கடல் தாண்டிப் போய்க் கட்டிய ஊர் அது. மயன், மாயா. 'ம' எழுத்துக்கு ஒரு அரவு, அந்தத் துணைக்கால், போடுவதும் விடுவதும்தான் வித்தியாசம். திக்கால் என்ற பெயரும் நம்முடையதே. தீயும் கல்லும் சேர்ந்தால் தீக்கல். நெருப்பு வளர்க்கும் கல் இருக்கிற ஊர். இதைவிடத் தெளிவாக ஒரு ஊர் தன் பெயரைத் தமிழில் சொல்ல ஏலாது.

நான் போக வேண்டிய இடத்துக்கு நீர் போகிறீர். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிது. நேற்றுப் பின்னேரம் முழுக்க ஹோலுக்கும் குசினிக்கும் நடந்தபடி இருந்தேன். என்னுடைய அகதிப் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்துக்கு விசா எடுப்பது பெரும் பாடு. நீர் ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். இப்போது அந்தச் சிவப்புப் புத்தகத்தை நினைத்து நானே துள்ளுகிறேன்.

நீர் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். கோபுரத்தின் படிகள் கிழக்குப் பார்த்தவையா என்று பாரும். பாம்புச் சிற்பம் எங்கே இருந்தாலும் படம் எடும், அது நாகர் வழிபாடு. அங்குள்ள சனங்களிடம் "மயன்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கவனியும். ஏப்ரல் 24 சனிக்கிழமை நம்முடைய வாசகர் வட்டத்தில் நான் பேசுகிறேன். வட்டத்தை நடத்துகிற ராசன் மண்டபம் எடுத்துவிட்டான். தலைப்பு: "மயன் தமிழனே." உம்முடைய படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் போடப் போகிறேன்.

கதைத்தால் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீர் சட்டம் போட்டு இரண்டு வருடம். தொலைபேசி நம்பரைச் சுலக்ஷனும் தர மாட்டேன் என்கிறான். இன்றைக்குத்தான் அந்தச் சட்டம் எனக்குச் சரியான வதையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உம்முடைய விமலநாதன்


டார்ம்ஸ்டாட்
01.02.2004

அன்புள்ள சுலக்ஷனின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள், அதோடு கோபிக்காதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. முதியோர் இல்லத்தில் இந்த மாதம் காலை வேலை. என் பகுதியில் இருக்கிற கிழவர்கள் எல்லாருக்கும் நான் குவாத்தமாலா போவது தெரியும். ஒருவர் தன்னுடைய பழைய வெயில் தொப்பியையே எடுத்துத் தந்துவிட்டார்.

பயணம் வந்த கதை இதுதான். என்னோடு வேலை செய்கிற பிளோறன்ஸ் அக்கா, பாசையூர்க்காரி, தன்னுடைய பங்குக் கோயில் ஆட்களோடு அங்கே போகிறா. அந்தப் பங்குக்கு அங்குள்ள ஒரு கிராமத்தோடு பல வருடத் தொடர்பு. ஒருவர் கால் முறிந்து நின்றுவிட, ஒரு இடம் காலியானது. "ராணி, நீ வாறியோ? கோயிலுகள் பாக்கலாம், ஆனா பாதரோட பூசைக்கும் வரவேணும்" என்று கேட்டா. அவ கேட்டு முடிக்க முதல் நான் ஓம் என்றேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு ஒரு சின்னத் துள்ளல் துள்ளினேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு துள்ளல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

ஏன் ஓம் என்றேன் தெரியுமா? அந்தப் படத்தால்தான். நீங்கள் அதைக் காட்டிக் கதைத்தீர்கள், தூசி தட்டியது நான். தூசி தட்டுகிறவளுக்குத்தான் அந்தப் படிகள் எவ்வளவு செங்குத்து, உச்சியில் எவ்வளவு சின்ன வாசல் என்பதெல்லாம் கண்ணில் படும். அந்த வாசலில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்து கன வருடம். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லுவதற்கு இடைவெளி கிடைத்ததில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எதைப் பார்க்க வேண்டும், எதைப் படம் எடுக்க வேண்டும், யாருடைய முகத்தைக் கவனிக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது, அதுவும் சுலக்ஷனுடையது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து நீங்கள் என்னிடம் எனக்காக ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. உங்களுக்குக் கெட்ட மனம் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியில் நீங்கள் கதைக்கக் கதைக்க நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை மாற்றி மாற்றிப் பிடிப்பேன். கடிதத்தில்தான் எனக்கும் ஒரு பக்கம் கிடைக்கிறது. அதனால் சட்டம் சட்டம்தான், நம்பர் கிடையாது.

படங்கள் எடுப்பேன். பாம்பையும் தேடுவேன்.

அன்புடன்,
புஷ்பராணி


வுப்பர்டால்
10.02.2004

அன்பின் ராணிக்கு,

கேள்வி கேட்கவில்லை என்று குறை சொல்லுகிறீர். உம்மைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அதனால்தான் கேட்கவில்லை. இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு ஒரு மனுஷி டார்ம்ஸ்டாட் வரைக்கும் போகக் கூடாது. சரி, விடும். சந்தோஷமான நேரத்தில் வழக்கு வேண்டாம்.

ராசன் துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டான். மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து, பார்க்க வடிவாக இருக்கிறது. தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் ஒட்டியாயிற்று. கண்மணியின் கடையில் அரிசி மூட்டைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. சுலோஜனா ரீச்சர் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறாவாம்.

ஒரு முக்கியமான விஷயம். நீர் போகும்போது ஒரு பெட்டி கற்பூரம் கொண்டு போம். அந்தப் பெரிய முற்றத்தில், எந்த இடம் தோதோ அந்த இடத்தில் வைத்துக் கொளுத்தும். இத்தனை காலத்துக்குப் பிறகு நம்முடைய ஆள் ஒருவர் போய் மயனுக்குச் செய்கிற மரியாதையாக அது இருக்கட்டும். பிளோறன்ஸ் படம் எடுக்கட்டும். அந்தப் படத்தோடுதான் என் பேச்சை முடிக்கப் போகிறேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியும். விமானத்தில் காலை நீட்டி நீட்டி மடக்கும்.

உம்முடைய,
விமலநாதன்


ஃப்ளோரஸ், குவாத்தமாலா
14.03.2004

அன்புள்ள சுலக்ஷனின் அப்பாவுக்கு,

இதை எழுதுகிற இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு ஏரி, ஏரிக்கு நடுவே ஒரு குட்டித் தீவு, தீவு முழுக்க நிறம் நிறமாக வீடுகள். ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் கால் நோகிறது, கழுத்து நோகிறது, மூக்கு வெயிலில் உரிந்துவிட்டது. இப்படி ஒரு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பிளோறன்ஸ் அக்காவிடம் சொல்லிச் சொல்லி அவ, "காணுமடி, நானும் உன்னோடதானே நிண்டனான்" என்று போய்ப் படுத்துவிட்டா. இந்த உலகத்தில் இதைக் கேட்டுத் துள்ளக்கூடிய இன்னொரு ஆள் நீங்கள்தான்.

முதலில் உங்கள் கற்பூரத்தின் கதை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்தார்கள். அந்தப் பெடியன் பெட்டியை மணந்து பார்த்தான். இன்னொருத்தியைக் கூப்பிட்டான், அவளும் மணந்தாள். இது என்ன என்று கேட்டார்கள். கடவுளுக்கு என்றேன். என்ன செய்வீர்கள் என்றார்கள். கொளுத்துவேன் என்றேன். பிளோறன்ஸ் அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு, "விமானத்தில ஏற நிண்டு கொளுத்துவன் எண்டு சொல்லுறியேடி" என்றா. பெட்டியைப் பறித்துக்கொண்டு, ஒரு உரையும் நிகழ்த்திவிட்டுத்தான் விட்டார்கள். எங்களோடு வந்த கிறிஸ்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். மயனுக்கு நீங்கள் அனுப்பிய மரியாதை பிராங்பேர்ட்டிலேயே நின்றுவிட்டது.

நேற்று விடிய முதல் எழும்பிப் போனோம். காடு என்றால் வன்னிக் காடு மாதிரி இல்லை, எல்லாம் ஈரம், எல்லாம் பச்சை. திடீரென்று தலைக்கு மேலே ஒரு உறுமல். சிங்கம் வந்துவிட்டது என்று நான் பாதரின் கையைப் பிடித்துவிட்டேன். பார்த்தால் நாயளவு குரங்கு. ஊளைக் குரங்காம். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருக்கிறதோ.

பிறகு மரங்கள் விலகின. அந்தப் பெரிய முற்றம் வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கோபுரம், ஒன்றை ஒன்று பார்த்தபடி. நம்முடைய படத்தில் இருக்கிற அதே கோபுரம், அதே படி, அதே சின்ன வாசல். நான் நின்ற நிலையில் செருப்பைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, கோயில் வாசல் என்றதும் கால் தானாகக் கழற்றிவிட்டது. கல் சுட்டது. "உது மியூசியம் மாதிரியடி, செருப்பைப் போடு, பாம்பு கிடக்கும்" என்று பிளோறன்ஸ் அக்கா கத்தினா. பாம்பு என்றதும் உங்களை நினைத்துச் சிரித்தேன்.

அப்போது எங்களுக்கு வழி காட்ட வந்த மனுஷி என் காலைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னா. பெயர் கத்தலீனா. என் வயது இருக்கும். பின்னல், நெய்த பாவாடை, கையில் ஒரு ரேடியோப் பெட்டி. அவ ஸ்பானிஷில் சொல்லுவா, பாதர் அதை ஜெர்மனில் சொல்லுவார், நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொள்ளுவேன். அவ சொன்னது: "இன்றைக்கு எங்கள் ஆட்கள் வந்து நெருப்பு வளர்க்கப் போகிறார்கள். செருப்புக் கழற்றியவ முன்னுக்கு வந்து நிற்கலாம்."

முற்றத்தில் வட்டமாக ஒரு இடம். அதில் சீனியால் கோலம் போடுகிற மாதிரி வரைந்தார்கள். அதன் மேலே மெழுகுதிரிகள். கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்குக் கறுப்பு, வடக்குக்கு வெள்ளை, தெற்குக்கு மஞ்சள். மேலே ஒரு மரத்தின் பிசினைக் கட்டி கட்டியாக அடுக்கிக் கொளுத்தினார்கள். புகை எழும்பினதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அச்சொட்டாகச் சாம்பிராணி. ஒரு வயதான அம்மா முழங்காலில் நின்று யார் யாருடைய பெயரையோ சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டா. பயந்துவிடாதீர்கள், எனக்கே அந்த நேரம் தோன்றியது. கல், கல்லில் தீ. இவர் இதைக் கண்டால் சுவர் ஏறிக் குதிப்பாரே என்று நினைத்தேன்.

அந்த வேகத்தில் நான் ஒரு வேலை செய்தேன். நீங்கள் சொன்னபடி கத்தலீனாவிடம் "மயன்" என்று சொல்லி முகத்தைக் கவனித்தேன். "மாயா, ஓம், நாங்கள்தான்" என்று நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தா. நான் விடவில்லை. இதைக் கட்டினது எங்கள் ஆள், மயன் என்று ஒரு தச்சன், தமிழன் என்று பாதரைக் கொண்டு சொல்ல வைத்தேன்.

அவ கோபிக்கவில்லை. களைத்துப்போன ஒரு சிரிப்புச் சிரித்தா. "போன மாதம் வந்த ஒருவர் எகிப்துக்காரர் கட்டினது என்றார். அதற்கு முதல் வந்தவர் வானத்தில் இருந்து வந்தவர்கள் கட்டினது என்றார். கடலுக்குள் போன நாட்டுக்காரர் என்று சொல்லுகிறவர்களும் வருவார்கள். நீங்கள் புதிதாக இருக்கிறீர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் கட்டினது என்று சொல்ல மட்டும் ஒருவரும் விமானம் ஏறி வருவதில்லை." பாதர் இதை மொழிபெயர்க்கும்போது என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்.

பிறகு தன் கதையும் சொன்னா. சண்டைக் காலத்தில் கைப்பிள்ளையோடு எல்லை தாண்டி மெக்சிக்கோவில் அகதி முகாமில் கன வருடம் இருந்திருக்கிறா. அங்கே இருந்து திரும்பி வந்தால், சொந்தக் கோயிலுக்குள் போக நுழைவுச்சீட்டுக் கேட்டார்களாம். நெருப்பு வளர்க்கவும் அனுமதி இல்லையாம். சமாதானம் வந்த பிறகுதான் விட்டார்களாம். நானும் அகதிதான் என்று சொன்னேன். இந்தமுறை பாதர் மொழிபெயர்க்க முதலே அவவுக்கு விளங்கிவிட்டது.

நான் ஒன்று கேட்கிறேன், நீங்கள் யோசியுங்கள். எங்கள் ஊர்க் கோயில் கேணிக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வந்து பலகை நட்டு, இதைக் கட்டினது நாங்கள், நீங்கள் பிறகு வந்தவர்கள் என்றால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? இதற்காகத்தானே ஊரை விட்டு வந்தோம்?

ஊரின் பெயருக்கும் அர்த்தம் கேட்டேன். தண்ணீர் தேங்குகிற இடம் என்று சொல்லுகிறார்களாம், குரல்களின் இடம் என்று சொல்லுகிறவர்களும் உண்டாம். தீ இல்லை, தண்ணீர். இந்த ஊருக்கு ஆறே இல்லை, தெரியுமா? அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீரைக் குளம் குளமாகப் பிடித்து வைத்துத்தான் இவ்வளவு பெரிய நகரம் வாழ்ந்திருக்கிறது. ஆறு இல்லாமல், சுண்ணாம்புக் கல்லின் மேல், குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்கிற இன்னொரு சனத்தை எனக்குத் தெரியும், யாழ்ப்பாணத்தார் என்றேன். கத்தலீனா என் கையைப் பிடித்துக்கொண்டு குளக்கரை முழுக்க நடத்திக் காட்டினா. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷம் உங்கள் மயனாலும் தந்திருக்க ஏலாது.

இன்னும் இருக்கிறது. இவர்களுடைய புனித மரம் எது என்று நினைக்கிறீர்கள்? இலவ மரம். நம்முடைய தலையணைப் பஞ்சு மரம். உடனே பேனாவை எடுக்காதீர்கள். அந்த மரம் இந்தப் பக்கத்தில் இருந்துதான் நம் பக்கம் வந்ததாம். மிளகாயும் அப்படித்தான். பப்பாசி, மரவள்ளி, எல்லாம் இந்தப் பக்கத்துச் சாமான். மயன் இங்கே வரவில்லை அப்பா, இவர்களுடைய மிளகாய்தான் நம்முடைய குசினிக்கு வந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் யாழ்ப்பாணத் தூள் ஏது? நாங்கள் இவர்களுக்குப் பாட்டன் இல்லை, இவர்கள் வீட்டுச் சாமானில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

கடைசியில் கைக்குட்டையை எடுக்கக் கையை விட்டால், ஹம் நகரத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு எப்போதோ கொண்டுபோன கற்பூரம் பையின் மூலையில் இரண்டு கட்டி. கத்தலீனாவிடம் காட்டினேன். அவ மணந்து பார்த்துவிட்டு, யாருக்காக என்று கேட்டா. சுலக்ஷனின் பெயரைச் சொல்லி ஒன்றைப் போட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி மற்றதைப் போட்டேன். படக்கென்று எழும்பி எரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

நம்முடைய படத்தில் இருக்கிற கோபுரத்தில் ஏற இப்போது விட மாட்டார்களாம், அதனால் இன்று காலை காட்டுக்கு மேலே நிற்கிற மிக உயரமான கோபுரத்தில் ஏறினேன். மரப்படி போட்டிருக்கிறார்கள். நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, பிளோறன்ஸ் அக்கா பாதியில் இருந்துவிட, நான் உச்சிக்கு வந்துவிட்டேன். கீழே மூடுபனி. அதற்கு மேலே கோபுரங்களின் தலை மட்டும். அங்கே நின்று நான் என்ன நினைத்தேன், என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன். நீங்கள் கேட்டால் சொல்லுவேன்.

அன்புடன்,
புஷ்பராணி

பி.கு: இந்த உறையை வழக்கம்போலக் கந்தலாகக் கிழிக்காதீர்கள். தபால்தலையில் கோபுரம் இருக்கிறது. கீழ்வீட்டு அல்பேர்ட் முத்திரை சேர்க்கிறவர், அவருக்குக் கொடுங்கள்.


வுப்பர்டால்
02.04.2004

அன்பின் ராணிக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அவசரத்தில் உறை கிழிந்துவிட்டது. அல்பேர்ட்டுக்குப் பாதிக் கோபுரம்தான் கொடுக்க முடிந்தது.

உம்மை நான் ஆதாரம் தேட அனுப்பினால், நீர் என் எதிர்க்கட்சிக்கு வக்கீலாகிக் கடிதம் எழுதுகிறீர். துண்டுப்பிரசுரம் ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. மண்டபம் எடுத்தாயிற்று. ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் சமாளிக்க உம்முடைய படங்களை நம்பியிருந்தேன். மிளகாயையும் மரவள்ளியையும் வைத்துக்கொண்டு மேடையில் நான் கறிதான் காய்ச்சலாம்.

தண்ணீர் தேங்கும் இடம் என்று அந்த மனுஷி சொன்னால் அது முடிந்த முடிவு ஆகிவிடாது. கத்தலீனாவுக்குத் தன்னுடைய சரித்திரம் தெரியாமல் இருக்கலாம். அடிபட்டு ஓடிய சனத்துக்குப் பழைய கதைகள் மறந்துபோவது வழமை. ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கல்லில் தீ வளர்க்கிற படத்தையும் உம்முடைய செருப்பில்லாத படத்தையும் 20ஆம் திகதிக்குள் அனுப்பும். பெரிதாக்க நாள் வேண்டும். கற்பூரம் போட்ட பகுதி நன்றாக இருந்தது.

விமலநாதன்


டார்ம்ஸ்டாட்
09.04.2004

அன்புள்ள சுலக்ஷனின் அப்பாவுக்கு,

படங்கள் இதோடு இருக்கின்றன. பாம்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடிபட்டு ஓடிய சனத்துக்குத் தன் சரித்திரம் தெரியாது என்ற வரியை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், வேறு ஆட்களின் வாயில், எங்களைப் பற்றி. உங்கள் கையெழுத்தில் அதைப் பார்த்தது எனக்குச் சரியான நோவு.

கேட்டால் சொல்லுவேன் என்று ஒன்று எழுதியிருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. இனி நான் எழுதுவதற்கும் ஒன்றும் இல்லை. கூட்டம் நல்லபடி நடக்கட்டும்.

புஷ்பராணி


வுப்பர்டால்
25.04.2004

அன்பின் ராணிக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. உமக்கு இனி எழுத ஒன்றும் இல்லை என்று தெரியும். எனக்கு இருக்கிறது, இதை மட்டும் படியும்.

மண்டபம் நிரம்பிவிட்டது. ராசன் என்னைப் பற்றி நான்கு பொய் சொல்லி அறிமுகப்படுத்தினான். உம்முடைய படங்கள் சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றன. நான் மயனில் தொடங்கித் தீக்கல் வரைக்கும் வந்தேன். கைதட்டலும் வந்தது. அப்போது கண்மணி பின் வரிசையில் எழும்பி நின்றா. கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தவ, கையில் திறப்புக் கோர்வை. "அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அந்தப் படத்தில வெறுங்காலோட நிக்கிறது எங்கட ராணி அக்காதானே? அவ அங்க மேல ஏறினவவோ? ஏறி நிண்டு என்ன கண்டவவாம்?"

ராணி, எனக்குப் பதில் தெரியாது. மயன் யார் யாருக்கு மாளிகை கட்டினான் என்று தெரியும். மயனின் தகப்பன் பெயர் தெரியும். என் பெண்சாதி உலகத்தின் மறுபக்கத்தில் அவ்வளவு உயரத்தில் நின்று என்ன கண்டா என்று தெரியாது. நான் ஒலிவாங்கியில், "எனக்குத் தெரியாது, நான் கேக்கேல்லை" என்றேன். சனம் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. கண்மணி சிரிக்கவில்லை. "கேக்கேல்லையோ? உப்பிடியும் ஒரு மனுசனோ?" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டா.

அதற்குப் பிறகு என் தாள்களில் மிச்சம் இருந்த எதையும் எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. உம்முடைய கடிதம் சட்டைப் பையில் இருந்தது, படங்களை அடுக்குவதற்காகக் கொண்டுபோனது. அதில் ஆறில்லாத ஊரின் பகுதியையும் மிளகாயின் பகுதியையும் வாசித்தேன். கற்பூரத்தை வாசிக்கவில்லை, அது எனக்கு. கத்தலீனா சொன்னதை வாசித்தேன். எகிப்துக்காரர், வானத்துக்காரர், அதற்குப் பிறகு புதிதாக வந்த நாங்கள் என்றேன். வாசித்துக்கொண்டு போகும்போதுதான் கேணிக்கரைப் பலகை எனக்கு உறைத்தது. பேச்சு முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தங்கள் தங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் கிணற்றின் கதையையும் சொல்லித் தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் கதைத்தார்கள். இப்படி ஒரு கூட்டம் நம்முடைய வட்டத்தில் நடந்ததில்லை என்று ராசன் சொன்னான். அது என்னுடைய கூட்டம் இல்லை, உம்முடையது. கண்மணியின் கடையில் ஒட்டிய தாளில் "தமிழனே" என்பதை இன்று காலை நானே போய்ப் பேனாவால் வெட்டிவிட்டேன். இப்போது "மயன்" என்று மட்டும் நிற்கிறது, பாவம்.

இனி நான் கேட்கிறேன். பழக்கம் இல்லாத கை, பிழை இருந்தால் பொறும்.

உச்சியில் நின்று நீர் என்ன கண்டீர்? என்ன நினைத்தீர்? ஏறும்போது பயந்தீரா? ஊளைக் குரங்கு கத்தினபோது பிடித்துக்கொள்ள என் கை இல்லையே என்று ஒரு துளியாவது நினைத்தீரா, அல்லது பாதரின் கையே போதுமாக இருந்ததா? கத்தலீனாவின் கைப்பிள்ளை இப்போது என்ன செய்கிறது? அந்தப் படத்தைத் தூசி தட்டின காலத்தில் உமக்கு வேறு என்னென்ன ஆசை இருந்தது? டார்ம்ஸ்டாட்டில் உம்முடைய ஜன்னலால் பார்த்தால் என்ன தெரியும்? நான் கதைக்கும்போது ரிசீவரை எந்தக் கைக்கு மாற்றுவீர்?

உம்மைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று எழுதினவன் நான். எழுதத் தொடங்கினால் தெரியாதது முடிகிறதாக இல்லை.

உம்முடைய,
விமலநாதன்


டார்ம்ஸ்டாட்
29.04.2004

அன்புள்ள அப்பா,

உங்கள் கேள்விகளை எண்ணவில்லை, வேலையிடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிளோறன்ஸ் அக்கா, "என்னடி, லொத்தர் விழுந்திட்டுதோ?" என்று கேட்டா. ஓம் என்றேன்.

ஒன்றுக்கு மட்டும் இதில் பதில். உச்சியில் ஏறினதும் நான் உங்களைத் திட்டினேன். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை, அதனால் வாய் திறந்து, சத்தமாக, நல்ல தமிழில். மனுசா, இதைப் பார்க்க ஏன் என்னோடு வராமல் அங்கே இருந்து தச்சனின் கதை சொல்லுகிறாய் என்று, ஒருமையில். குரல்களின் இடம் என்று சொல்லுகிறார்களே, சரிதான். காட்டுக்குள் இருந்து குரங்குகள் எல்லாம் சேர்ந்து பதில் சொன்னன. நான் அழுதேன், பிறகு சிரித்தேன். பக்கத்தில் நின்ற டென்மார்க்காரி எனக்கு ஒரு பிஸ்கற் தந்தாள்.

மிச்சம் எழுதித் தீராது. ஒரு மணித்தியாலம் வேண்டும், கூடவும் வேண்டும். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. இந்தமுறை நான் கதைப்பேன், நீங்கள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கை நொந்தால் மற்றக் கைக்கு மாற்றுங்கள். நான் இடக்கைக்குத்தான் மாற்றுவேன்.

நம்பரை இந்த உறையின் உட்புறத்தில் எழுதியிருக்கிறேன். அதை ஏற்கெனவே கந்தலாகக் கிழித்துவிட்டீர்கள் என்றால், குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி ஒட்டுங்கள்.

உங்கள்,
ராணி